இரண்டாம் தொட்டிக்கு ஊற்றிய பால்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வந்தால் பார்க்க வேண்டிய இடம் எது என்று யாரைக் கேட்டாலும் ரஞ்சன்குடிக் கோட்டையைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் எங்கள் வாட்டர் சர்வீஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் தொட்டியைச் சொல்வேன். கேட்டவர்கள் யாரும் திரும்பக் கேட்டதில்லை. நானாக வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "ம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, காபி ஆறுவதற்குள் வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள்.

எங்கள் ஷெட் ரெட்டிபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்களும் சிமெண்ட் மூட்டை ஏற்றும் லாரிகளும் கழுவ வந்து வரிசையாக நிற்கும். என் கணவர் மோட்டாரைப் போட்டுக் குழாயால் அடித்தார் என்றால், வண்டிக்கு அடியில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சேறு, டீசல், இன்ஜின் ஆயில், கிரீஸ் எல்லாம் பாளம் பாளமாகக் கழன்று விழும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தண்ணீர் முழுவதும் பின்பக்கப் பள்ளத்தில் கறுப்பாகத் தேங்கி நின்றது. மழை வந்தால் பொங்கி அடுத்த வயலுக்குள் போனது.

அடுத்த வயல் ஒரு அக்காவுடையது. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். பருத்தி, மக்காச்சோளம், ஒரு செவலை மாடு எல்லாவற்றையும் அக்கா ஒருவரே பார்த்துக்கொள்கிறார். வயல் நடுவில் கிணறு. பாசனத்துக்கும் அதுதான், வீட்டில் குடிக்கவும் அதுதான். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. மறுநாள் காலையில் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"உங்க தண்ணி என் வாய்க்கா வழியாத்தான் போயாவணும், அது எனக்குத் தெரியும். போவட்டும். ஆனா இனிமே என் கெணத்துல ஒரு பொட்டு எண்ணெ மினுக்குனாலும் மண்ணப் போட்டு வாய்க்கால அடைச்சிருவேன். அப்பறம் வூட்டுக்கு வந்து பேசக் கூடாது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் போக வேறு தாழ்வு கிடையாது. ஷெட்டை மூட வேண்டியதுதான். லாரி கழுவுவதைத் தவிர என் கணவருக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. அன்று இரண்டு வேளையும் அவர் சாப்பிடவில்லை. அப்போதுதான், கல்யாணமாகி வந்ததிலிருந்து யாருக்கும் பயன்படாமல் கிடந்த என் படிப்பை நான் வெளியே எடுத்தேன்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தவள். கல்யாண வீடுகளில் என் மாமியார் என்னை அறிமுகப்படுத்தும்போது, "எங்க மருமவ கிருமிக்குப் படிச்சிருக்கு" என்பார். கேட்பவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். இப்போது அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லித் தருகிறேன். ஆனால் படிக்கும் காலத்தில் நான் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, எண்ணெய் தின்னும் பாக்டீரியா. பஸ்கள் நின்று நின்று எண்ணெய் சொட்டிக் கறுத்துப்போன தரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைச் சுரண்டிக்கொண்டு வரச் சொன்னார் எங்கள் பேராசிரியை. கண்ணாடித் தட்டில் பாகு மாதிரி ஒன்றை ஊற்றி உறையவைத்து, மேலே மெல்லிசாக எண்ணெய் படியவிட்டு, மண் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டை விட்டுப் பரப்பி வைத்தேன். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது, மங்கலாக இருந்த எண்ணெய்ப் படலத்தில் அங்கங்கே குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வளையல் போட்டது போல ஒரு தெளிந்த வட்டம். அந்த வட்டத்தில் எண்ணெய் இல்லை. தின்றுவிட்டன.

நான் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை அன்று விட்டுவிட்டேன். நாம் துணியில் பட்டால் அலறுகிற, மண்ணைச் சாகடிக்கும் என்று நினைக்கிற ஒன்றை, கண்ணுக்கே தெரியாத ஒன்று சோறாகத் தின்று, மூச்சுவிட்டு, பெருகிக்கொண்டிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் எச்சில் துப்பிவிட்டுப் போகிற தரையில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோழிகள் இன்றுவரை அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள்.

எங்கள் ஷெட்டின் மூலையில் ஒரு பழைய லாரி இன்ஜின் பல வருடமாகக் கிடந்தது. அதற்கு அடியில் மண் தார் போலக் கறுத்திருந்தது. ஆனால் ஓரத்தில் கோரைப்புல் பச்சையாக முளைத்திருந்தது. எண்ணெய் குடித்த மண்ணில் புல் முளைக்கிறது என்றால் கீழே யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மண்ணைத்தான் விதையாக எடுத்தேன்.

கணவர் மூன்று தொட்டி கட்டித் தந்தார். முதல் தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்துப் பேரலில் ஊற்றிவிடுவார். மிச்சம் மெல்லிய படலமாகத் தண்ணீரோடு இரண்டாம் தொட்டிக்கு வரும். அதுதான் என் ராஜ்ஜியம். அடியில் டிப்பர்களிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக்கல் துண்டுகள், மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தேங்காய் நார். இன்ஜினுக்கு அடியில் எடுத்த மண்ணைக் கரைத்து அதில் ஊற்றினேன். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாய் இழுத்து அடியில் விட்டேன், அவற்றுக்கும் மூச்சு வேண்டுமே. எண்ணெயில் இல்லாத சத்துக்காகத் தினமும் விடியற்காலையில் எங்கள் தொழுவத்திலிருந்து ஒரு வாளி மாட்டு மூத்திரம். மூன்றாம் தொட்டியில் மணலும் கோரையும். அதைத் தாண்டினால் அக்காவின் வாய்க்கால்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கணவர் வந்து பார்த்துவிட்டுப் போவார், அந்தப் பார்வையே போதும். இரண்டாம் மாதம் நாரில் ஒரு வழவழப்பு ஏறியது. அதற்கப்புறம் ஒரு காலையில் போய்ப் பார்த்தேன், தண்ணீரின் மேல் இருந்த வானவில் நிறத்தைக் காணவில்லை. இரண்டாம் தொட்டிக்குள் வரும்போது இருக்கிறது, வெளியே போகும்போது இல்லை. வாசனை மாறியிருந்தது, டீசல் நாற்றம் போய் மழை பெய்த மண்ணின் வாசனை லேசாக வந்தது. நான் கத்திய கத்தலில் மாமியார் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார்.

"பாருங்கத்த. தின்னுட்டுதுங்க."

"எதுங்க?"

"உள்ள இருக்குதுங்கல்ல, அதுங்க. கோடி கோடியா இருக்குதுங்க. உயிருங்க."

அத்தை கம்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். தொட்டியின் அடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் ஒன்றில் சிப்பியின் அச்சு இருந்தது. இந்தப் பக்கம் அதெல்லாம் சாதாரணம். சுரங்கத்துக் கல்லில் சங்கும் சிப்பியும் கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் இது என்று அவருக்கும் தெரியும். எண்ணெய் என்பதும் பழைய கடலில் வாழ்ந்து செத்த சின்னஞ்சிறு உயிர்களின் மிச்சம்தான் என்று சொன்னேன். செத்துக் கோடி வருடம் ஆனவற்றை இப்போது உயிரோடு இருப்பவை தின்று, கணக்கை முடித்து, மண்ணுக்கும் காற்றுக்கும் திருப்பித் தருகின்றன என்றும் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். இரண்டாம் தொட்டிப் பக்கம் போகும்போது அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். பிறகு கணவரிடம் சொல்லிச் சுற்றிலும் முள்வேலி போடவைத்தார். டிரைவர்கள் யாராவது அந்தப் பக்கம் பீடித் துண்டை எறிந்தால் அவ்வளவுதான். "அங்க உயிருங்க இருக்குதுங்க, கண்ணு தெரியல?" என்று சண்டைக்குப் போவார். டிரைவர்கள் முழிப்பார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் படிப்பை இந்த வீட்டில் நம்பிய முதல் ஆள் அவர்தான்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அக்காவின் கிணற்றில் ஒரு மினுக்கம் இல்லை. பொங்கலுக்கு எங்களுக்கு ஒரு பை மொச்சை கொடுத்தனுப்பினார். அவர் வாயால் பாராட்டிக் கேட்டதில்லை, மொச்சைதான் பாராட்டு.

போன வருடம் மழைக்கு முன்னால் எங்கள் இரண்டு கறவை மாடுகளில் ஒன்றுக்கு மடிநோய் வந்தது. மடி கல் மாதிரி வீங்கிப் பாலில் திரி திரியாக வந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், காம்புக்குள் ஏற்றும் மருந்து டியூபும் கொடுத்தார். "மருந்து முடிஞ்சும் சில நாளைக்குப் பால் சொசைட்டிக்கு ஊத்தக் கூடாது, வீட்லயும் குடிக்கக் கூடாது, கறந்து கீழ ஊத்திடுங்க" என்றார். அவர் போனதும் அத்தை முணுமுணுத்தார். இவ்வளவு பாலா, கன்றுக்குட்டிக்காவது விடலாமே என்றார். நான் வாத்தியார் தோரணையில் ஒரு பாடம் எடுத்தேன். அந்த மருந்து கிருமியைக் கொல்வது, அது பாலில் வரும், குடிக்கிறவர்கள் உடம்புக்குள் போகும், நாளைக்கு நமக்கு வியாதி வந்தால் மருந்து கேட்காமல் போகும். அத்தை தலையை ஆட்டினார். மருந்தை நிறுத்தும்போதெல்லாம் நோய் திரும்பியதால் வைத்தியம் நீண்டுகொண்டே போனது. ஒரு நாள்கூட அந்தப் பால் சொசைட்டிக்குப் போகவில்லை. என் பேச்சை வீட்டில் கேட்கிறார்கள் என்ற திருப்தியில் நான் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

அந்த நாட்களில்தான் தொட்டி மாறியது. முதலில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. பிறகு வாசனை போயிற்று; மண் வாசனை இருந்த இடத்தில் ஒரு புளித்த நாற்றம். தேங்காய் நாரிலிருந்து வழவழப்பு தோல் உரிவது போல உரிந்து விழுந்தது. ஒரு காலையில் பார்த்தால் வானவில் நிறம் உள்ளே வந்த மாதிரியே வெளியேயும் போகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

நேரே போய்க் கணவரிடம் பாய்ந்தேன். அவர் புதிதாக ஒரு ஷாம்பு வாங்கியிருந்தார்.

"என்ன கர்மத்தக் கலக்குறீங்க? தொட்டி செத்துக்கிட்டிருக்கு."

"லாரி கழுவறது ஷாம்புல. அதையும் நிறுத்திட்டு வெறுந்தண்ணியக் காட்டச் சொல்றியா?"

ஷாம்புவை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. எவனோ டிரைவர் பேட்டரி ஆசிட்டைக் கொட்டிவிட்டான் என்று சந்தேகப்பட்டேன். பாவம், இரண்டு பேரை முகத்துக்கு நேரே கேட்டும்விட்டேன். மூன்றாம் தொட்டியின் கோரை நுனி கருகத் தொடங்கியது. ஒரு நாள் பள்ளிவிட்டு வரும்போது அக்கா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் எழுந்தார்.

"மினுக்குது."

"தெரியுதுக்கா. சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"இப்ப தண்ணி வாய்க்கா பாதியிலயே மண்ணுல சுவறிருது. மழ புடிச்சா கெணத்துக்கு வந்துரும். மொத மழ வரைக்கும் பாக்கறேன். உன் மொகத்துக்காவத்தான்."

வானத்தைப் பார்த்தேன். இன்னும் சில வாரம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகூட டியூஷன் எடுக்கப் போய்விடுவதால், பால் கறந்து முடியும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பதே அபூர்வம். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அத்தை குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு, கையில் பால் வாளியோடு பின்பக்கம் போனார். முள்வேலியின் படலைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டாம் தொட்டியின் விளிம்பில் குனிந்து, புற்றுக்குப் பால் ஊற்றுவது போல நிதானமாக, ஒரு சொட்டு கீழே சிந்தாமல், அந்த வாளிப் பால் முழுவதையும் உள்ளே ஊற்றினார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

என் கையிலிருந்த துணி நழுவி மண்ணில் விழுந்தது.

"அத்த! என்ன பண்றீங்க?"

அவர் சந்தோஷமாகத் திரும்பினார். "நீதான பால கீழ ஊத்திறச் சொன்ன. பால கண்ட எடத்துல கொட்டுனா கால் படும், பாவம். இங்கதான் வேலி இருக்கு, ஒருத்தர் காலும் படாது. இதுங்களும் உயிருங்கதான, குடிச்சிட்டுப் போவட்டும்னு தெனம் ரெண்டு வேளையும் ஊத்தறேன்."

நான் கத்தினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கிருமியைக் கொல்கிற மருந்து என்று உங்களிடம் சொன்னேனா இல்லையா, இவையும் கிருமிதான் என்று தெரியாதா, மருந்தை ஊற்றி மொத்தத்தையும் கொன்றுவிட்டீர்களே, ஷெட்டை மூடப்போகிறோம், எல்லாம் உங்களால்தான் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. காலி வாளியைப் பார்த்தார்.

"பால ஊத்தியா கொன்னுட்டேன்?" என்றார். வாளியோடு வீட்டுக்குள் போனார். அன்று முழுவதும் தொட்டிப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து பால் தொட்டிக்குப் போகவில்லை. ஒரு காலி ஆயில் பேரலில் ஊற்றி மூடி வைத்தோம். நான் இரண்டாம் தொட்டியைக் காலி செய்து, கழுவி, புது நார் கட்டினேன். பழைய இன்ஜினை ஆள்வைத்துப் புரட்டி அடிமண்ணைத் தோண்டிப் புதிதாகக் கரைத்து ஊற்றினேன். கம்ப்ரசரைப் போட்டேன். விடியற்காலையில் வழக்கம்போல மூத்திர வாளியை ஊற்றினேன். ஏற்கெனவே பழகிய மண், சீக்கிரம் பிடிக்கும் என்று நம்பினேன். ஒரு வாரம் போயிற்று, நாரில் ஒன்றும் ஏறவில்லை. மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது. கணவர் பம்பைத் துடைத்துக்கொண்டே, "மூடிட்டா மூடிட்டுப் போறோம், நீ சாப்புடு" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வலித்தது.

அன்று சாயங்காலம் அத்தை பல நாளுக்குப் பிறகு வேலிக்கு வெளியே வந்து நின்றார். என்னோடு சரியாகப் பேசாமல்தான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, ஊசி மாட்டு ஒடம்புல போட்டாருல்ல டாக்டரு?"

"ஆமா."

"பால்ல வரும்ங்கற. சரி. பால்ல மட்டுந்தான் வருமா?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. தொழுவத்தில் இரண்டு மாடும் ஒரே தரையில்தான் நிற்கின்றன. ஒரே சாய்வு, ஒரே குழி. அந்தக் குழியில் மொண்டுதான் நான் தினமும் வாளியை நிரப்புகிறேன். மருந்து ஏறிய மாட்டின் மூத்திரத்தை, அந்த வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்து, எம்.எஸ்ஸி. படித்த நான், என் கையால், ஒரு நாள் தவறாமல் ஊற்றிவந்திருக்கிறேன். பாலை நிறுத்தியும் பிழைக்காததற்குக் காரணம் என் வாளிதான். அத்தையாவது தெரியாமல் ஊற்றினார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை, "சரி வுடு, எந்திரி" என்றாரே தவிர ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். பையில் மருந்துப் பால், மூத்திரம், செத்த தொட்டியின் தண்ணீர், இன்ஜின் அடிமண் எல்லாம் சின்னச் சின்னப் பாட்டிலில். பக்கத்து சீட்டு அம்மா பையைத் தொட்டுப் பார்த்து, "ஊறுகாயாம்மா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன். பழைய பேராசிரியை இன்னும் அங்கே இருந்தார், ஒரு மேஜையை ஒதுக்கித் தந்தார். அடிமண்ணில் இருந்தவற்றைத் தட்டில் பரப்பி, மேலே சின்னக் காகித வில்லைகளைப் பாலிலும் மூத்திரத்திலும் தோய்த்து வைத்துவிட்டு வந்தேன். தொட்டித் தண்ணீரிலிருந்தும் அதே போலத் தனியாகத் தட்டுகள் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போய்த் திறந்து பார்த்தபோது, பால் தோய்த்த வில்லையைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம். மூத்திரம் தோய்த்த வில்லையைச் சுற்றியும் ஒன்று, கொஞ்சம் சிறியது. அந்த வட்டத்துக்குள் ஒன்றும் வளரவில்லை. இதே கல்லூரியில், ஒருவேளை இதே மேஜையில், நான் பார்த்து அழுத முதல் வட்டமும் இப்படித்தான் இருந்தது. அது தின்று தெளிந்த வட்டம். இது செத்துத் தெளிந்த வட்டம். வெறும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

செத்த தொட்டியின் தண்ணீரிலிருந்து போட்ட தட்டில் இன்னொன்று இருந்தது. அங்கே ஒரு கூட்டம் மருந்து வில்லையின் விளிம்பு வரை வந்து சாவதானமாக வளர்ந்திருந்தது. இவ்வளவு மருந்தையும் தாங்கி, பழகி, மேலே வந்தவை. பேராசிரியை தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே தொட்டித் தண்ணீரை எண்ணெய்த் தட்டிலும் போட்டிருந்தேன். எண்ணெய் அப்படியே இருந்தது. மருந்தைத் தாங்கத் தெரிந்தவற்றுக்கு எண்ணெய் தின்னத் தெரியவில்லை, எண்ணெய் தின்னத் தெரிந்தவை மருந்தைத் தாங்கவில்லை. என் ஒரு தொட்டியில் நடந்தது அவ்வளவுதான், ஊருக்கெல்லாம் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு முதுகில் சில்லென்றது. பயம் என்றும் சொல்லலாம். இவ்வளவு சின்னது, இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடுகிறது என்ற மலைப்பும் அதில் பாதி இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அத்தையிடம் போய், "என் மூத்திரந்தான் அத்த" என்றேன். "மாட்டுதுன்னு சொல்லு" என்றார். பல நாள் கழித்து அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

மூத்திரம் இல்லாமல் சத்துக்கு என்ன செய்வது? வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு யூரியாவும் ஒரு பிடி டி.ஏ.பி. உரமும் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், பாலையும் என் வாளியையும். அக்கா கேட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்துதான் கொன்னீங்களா" என்றார். இரண்டு சொம்பாகவே கொடுத்தார். ஆனால், "மொத மழ வரைக்குந்தான்" என்பதையும் மறக்காமல் சொன்னார்.

தொட்டியை மறுபடி காலி செய்து, மறுபடி கழுவி, இன்ஜின் அடியில் மிச்சமிருந்த மண்ணைக் கையால் வழித்துச் சேர்த்தேன். இதுவும் போனால் விதை இல்லை. இந்த முறை கரைத்து ஊற்றும்போது அத்தையையும் கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நானும் கழற்றினேன்.

மூன்று வாரத்தில் நாரில் வழவழப்பு ஏறியது. அழித்ததைப் பற்றி அவை கேட்கவில்லை, அவற்றுக்கு மன்னிப்பும் தேவைப்படவில்லை. ஒரு பிடி கறுப்பு மண்ணிலிருந்து எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியிருந்தன. மண் வாசனை திரும்பி வந்தது. அந்த வாரமே மழையும் வந்தது.

மழை விட்ட காலையில் அக்கா மண்வெட்டியோடு வந்தார். கணவர் ஷெட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா வாய்க்காலில் ஒரு எவர்சில்வர் சொம்பை அமிழ்த்தி எடுத்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மோந்தார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"கெணத்தையும் பாத்துட்டுத்தான் வரேன். மினுக்கல."

கணவர் திரும்பி மோட்டாரைப் போடப் போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, தான் வந்த வழியில் வரப்பில் வைத்திருந்த ஒரு வாளியை எடுத்துவந்தார். மேலே தட்டு போட்டு மூடியிருந்தது.

"செவல மாட்டுக்கும் மடி கல்லாட்டம் ஆயிப்போச்சு. டாக்டரு ஊசி போட்டுட்டாரு. பால கறந்து கீழ ஊத்தச் சொல்றாரு." தட்டை எடுத்தார். வாளி நிறைய வெள்ளை வெளேரென்று பால். "வாய்க்காலுல ஊத்துனா எங்கெணத்துக்கு வருது. ஒங்க தொட்டியில ஊத்துனா செத்துருங்கறீங்க. வயலுல ஊத்தலாம்னு போனேன். எங்க மண்ணுலயும் அதுங்க இருக்குமான்னு ஒரு ரோசனை வந்துருச்சு. இருக்கும்மா?"

"இருக்கும்க்கா."

"அப்ப கீழன்னா எங்க?"

அத்தை எங்கள் பேரலைக் காட்டப் போய் மூடியைத் திறந்தார். விளிம்பு வரை நிறைந்து புளித்துக் கிடந்தது. எங்கள் மாட்டுக்குக் குணமாகியும் அந்தப் பேரலை எங்கே கொண்டுபோய்க் கவிழ்ப்பது என்று தெரியாமல்தான் நாங்கள் வைத்திருந்தோம். மூத்திரத்தைப் பேரலில்கூடப் பிடிக்கவில்லை. அது தொழுவத்துக் குழியிலிருந்து எருக்குழிக்குப் போயிருந்தது, எருக்குழியிலிருந்து கொல்லைக்குப் போகும். கால் படாத இடம் என்று அத்தை தேடிக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. உயிர் இல்லாத இடம் என்று எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கிருமிக்குப் படித்தவள் நான்தானே.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.